மார்பகப் புற்றுநோயைக் கண்டறிவதில் படிம முறைகளின் வரம்புகள்

எக்ஸ் கதிர், மீயொலி, காந்தப்புலம் முதலியவற்றின் துணையுடன் மார்பகத்தின் உட்பகுதியைப் படமாக்கி அங்குள்ள மாற்றங்களை அறிய உதவும் முறைகள் மார்பகப் படிம முறைகள் எனப்படுகின்றன. மேமோகிராம் எனப் பரவலாக அறியப்படும் மார்பக எக்ஸ் கதிர்ப் படம், மீயொலிப் படம், எம்.ஆர்.ஐ. ஆகியவை இவற்றுள் முதன்மையானவை ஆகும். கையால் தொட்டு உணர முடியாத அளவிலேயே புற்றுநோயைக் காட்டக்கூடியவை என்பதால் இவை மருத்துவத்தில் முக்கிய இடம் பெற்றுள்ளன. எனினும் இம்முறைகளுள் எதுவும் புற்றுநோயை நேரடியாகக் காட்டுவதில்லை. புற்றுத் திசுவுக்கும் அதனைச் சூழ்ந்துள்ள திசுவுக்கும் இடையே உள்ள ஏதோ ஓர் இயற்பியல் வேறுபாட்டையே இவை பதிவு செய்கின்றன. அவ்வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும்போது புற்று படத்தில் தெரிவதில்லை.

இம்முறைகளின் வரம்புகளை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

* தவறான எதிர்மறை - இருக்கும் புற்று படத்தில் தெரியாமல் போதல்.
* தவறான நேர்மறை - இல்லாத புற்று இருப்பதுபோல் தோன்றுதல்.
* மிகைக் கண்டறிதல் - வாழ்நாள் முழுதும் தீங்கு விளைவித்திராத புற்று கண்டறியப்பட்டுச் சிகிச்சைக்கு உள்ளாதல்.

இரு வேறு பயன்பாடுகள்

மார்பகப் படிமங்கள் இரு வேறு நோக்கங்களுக்காக எடுக்கப்படுகின்றன. அறிகுறி எதுவும் இல்லாத பெண்களிடம் குறித்த கால இடைவெளியில் எடுக்கப்படும் படம் முன்கண்டறிதல் சோதனை ஆகும். கட்டி, முலைக்காம்பிலிருந்து கசிவு, தோல் உள்ளிழுக்கப்படுதல் போன்ற அறிகுறி உள்ளவர்களிடம் எடுக்கப்படுவது நோயறி சோதனை ஆகும். இரண்டிலும் கருவி ஒன்றே. ஆனால் கிடைக்கும் முடிவின் பொருள் ஒன்றன்று. இவ்வேறுபாடு பின்னர் எண்களுடன் விளக்கப்படுகின்றது.

வரலாறு

1913 ஆம் ஆண்டில் பெர்லின் நகர அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட ஏறத்தாழ 3000 மார்பகங்களை எக்ஸ் கதிரால் படமெடுத்து ஆராய்ந்தார். 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருகுவே நாட்டைச் சேர்ந்த ரவூல் லெபோர்ன், மார்பகத்தை அழுத்திப் படமெடுத்தால் தெளிவு கூடும் என்பதையும், நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் புற்றின் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டினார். 1960 இல் அமெரிக்காவின் ராபர்ட் ஈகன் பிறரும் பின்பற்றத்தக்க படமெடுப்பு முறையொன்றை வெளியிட்டார்.

நியூயார்க்கில் 1963 இல் தொடங்கிய எச்.ஐ.பி. ஆய்வு, 40 முதல் 64 வயது வரையிலான சுமார் 62,000 பெண்களைக் கொண்டு மேமோகிராமின் பயனை ஆராய்ந்த முதலாவது சமவாய்ப்பு ஆய்வாகும். சுவீடனில் 1977 இல் தொடங்கிய இரு மாவட்ட ஆய்வு, சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் மார்பகப் புற்றுநோய் இறப்பு 31% குறைந்ததாக 1985 இல் அறிவித்தது. மாறாக, 1980 இல் தொடங்கிய கனடிய ஆய்வு, 89,835 பெண்களை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த பின்னர், இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை என 2014 இல் தெரிவித்தது. கனடிய ஆய்வின் படத்தரம் குறித்தும், பெண்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்ட விதம் குறித்தும் கதிரியலாளர் பலர் ஐயம் எழுப்பியுள்ளனர்.

மேமோகிராம்

செயற்படும் விதம்

மேமோகிராமில் குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்கள் பயன்படுத்தப்படுகின்றன. மார்பகம் இரு தட்டுகளுக்கு இடையே அழுத்தப்பட்டு, பொதுவாக ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து ஒன்றும் சாய்வாக ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுக்கப்படுகின்றன. அழுத்துவதால் திசுக்கள் விரிந்து பரவுகின்றன. தேவையான கதிர்வீச்சின் அளவும் குறைகின்றது.

மார்பகம் கொழுப்புத் திசு, பால் சுரக்கும் சுரப்பித் திசு, அவற்றைத் தாங்கும் நார்த் திசு ஆகியவற்றால் ஆனது. கொழுப்பு எக்ஸ் கதிரைக் குறைவாகவே தடுப்பதால் படத்தில் கருமையாகத் தெரிகின்றது. சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் அதிகமாகத் தடுப்பதால் வெண்மையாகத் தெரிகின்றன. புற்றுத் திசுவும் ஏறத்தாழ அதே அளவு தடுப்பதால் அதுவும் வெண்மையாகவே தெரிகின்றது. மேமோகிராமின் மிகப் பெரிய வரம்பு இவ்வொற்றுமையிலிருந்தே பிறக்கின்றது.

மார்பக அடர்த்தி

சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் மிகுந்துள்ள மார்பகம் அடர்த்தி மிகுந்த மார்பகம் எனப்படும். இது தொட்டுப் பார்த்து அறியக்கூடிய பண்பு அன்று. படத்தில் மட்டுமே தெரிவது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் பை-ராட்ஸ் வகைப்பாட்டில் அடர்த்தி நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

* முதல் நிலை - ஏறத்தாழ முழுதும் கொழுப்பு
* இரண்டாம் நிலை - ஆங்காங்கே சிதறிய சுரப்பித் திசு
* மூன்றாம் நிலை - சீரற்ற முறையில் அடர்ந்த திசு
* நான்காம் நிலை - மிக அடர்ந்த திசு

மூன்றாம், நான்காம் நிலைகள் அடர்த்தி மிகுந்தவை எனக் கொள்ளப்படுகின்றன. அமெரிக்காவில் 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இவ்விரு நிலைகளில் அடங்குவர். பொதுவாக இளம் வயதில் அடர்த்தி அதிகமாகவும், மாதவிடாய் நின்ற பின்னர் குறைவாகவும் இருக்கும். ஆகவே இது ஒரு நோய் அன்று. இயல்பான உடலமைப்பு வேறுபாடே ஆகும்.

கருமையான கொழுப்பின் பின்னணியில் ஒரு சிறிய வெண்கட்டி எளிதில் புலப்படும். வெண்மையான சுரப்பித் திசுவின் நடுவிலோ அதே கட்டி தும்பைப் பூக்குவியலுள் விழுந்த மல்லிகை மொட்டைப் போல் மறைந்துவிடும். இது மறைப்பு விளைவு எனப்படுகின்றது. அமெரிக்காவில் 2003 இல் வெளியான விரிவான ஆய்வொன்றின்படி, முழுதும் கொழுப்பாலான மார்பகங்களில் மேமோகிராமின் உணர்திறன் 87.0% ஆகவும், மிக அடர்ந்த மார்பகங்களில் 62.9% ஆகவும் இருந்தது. அதாவது பின்னைய வகையினரில் புற்று உள்ள மூவருள் ஒருவருக்கும் அதிகமானோரின் நோய் படத்தில் தப்பிவிடுகின்றது.

அடர்த்திக்கு மற்றொரு முகமும் உண்டு. 1976 இல் ஜான் வூல்ஃப் என்னும் கதிரியலாளர், படத்தில் தெரியும் திசு அமைப்புக்கும் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்புக்கும் தொடர்புள்ளதாகக் கூறினார். 2007 இல் நார்மன் பாய்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மார்பகத்தில் 75% அல்லது அதற்கு மேல் அடர்ந்த திசு உள்ளவர்களுக்கு, 10% க்கும் குறைவாக உள்ளவர்களைவிட 4.7 மடங்கு இடர் இருப்பதாகக் காணப்பட்டது. எனவே எவருக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகமோ அவரிடமே கருவியின் பார்வையும் மங்குகின்றது.

அடர்த்தி பற்றிய சட்டங்கள்

மார்பகத்தின் அடர்த்தியைக் கதிரியலாளர் அறிந்திருந்தும் நீண்ட காலம் அது பெண்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோ ஆண்டுதோறும் மேமோகிராம் எடுத்து, ஒவ்வொரு முறையும் இயல்பு என்னும் முடிவையே பெற்று வந்தார். 2004 இல் மருத்துவர் கையால் சோதித்தபோது தடிப்பு ஒன்று தென்பட்டது. மீண்டும் எடுத்த மேமோகிராமிலும் எதுவும் தெரியவில்லை. மீயொலிப் படம் கட்டியைக் காட்டியது. அதற்குள் நோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது. தமது மார்பகம் அடர்த்தி மிகுந்தது என்பதைத் தமக்கு எவரும் கூறவில்லை என்று வலியுறுத்திய அவரது முயற்சியின் விளைவாக, அடர்த்தியைப் பெண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் சட்டம் 2009 இல் அம்மாநிலத்தில் நிறைவேறியது. கப்பெல்லோ 2018 இல் காலமானார். பின்னர் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் நாடு முழுமைக்குமான விதியை 2023 இல் வெளியிட்டது. அது 2024 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது.

பிற காரணங்கள்

அடர்த்தி தவிர, பின்வரும் காரணங்களாலும் புற்று மேமோகிராமில் தெரியாமல் போகலாம்.

* புற்றின் வகை: நுண்மடல் ஊடுருவும் புற்று எனப்படும் வகையில் உயிரணுக்கள் திரண்டு கட்டியாகாமல் ஒற்றை வரிசையாகத் திசுக்களுக்குள் பரவுகின்றன. இதனால் தெளிவான விளிம்புடைய நிழல் உருவாவதில்லை.
* இடம்: மார்புச் சுவரை ஒட்டியோ அக்குளின் உட்பகுதியிலோ உள்ள புற்று படச் சட்டத்துக்கு வெளியே அமைந்துவிடலாம்.
* அளவு: உயிரணு ஒன்றின் விட்டத்தைச் சுமார் 10 மைக்ரோமீட்டர் எனக் கொண்டால், 1 மில்லிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ 10 இலட்சம் உயிரணுக்களும், 1 சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி உயிரணுக்களும் அடங்கும். ஓர் உயிரணு இந்நிலையை எட்ட முறையே 20, 30 தடவை இரட்டிக்க வேண்டும். ஆகவே "ஆரம்ப நிலை" எனப் படம் காட்டும் கட்டியும் தன் வளர்ச்சியில் நெடுந்தொலைவு கடந்ததே ஆகும்.
* வாசிப்பு: படத்தில் நிழல் இருந்தும் பார்ப்பவரின் கண்ணுக்குத் தப்புதல், அல்லது கண்டும் தீங்கற்றது எனக் கருதப்படுதல்.

எண்ணிமப் படமும் அடுக்குப் படமும்

படச்சுருளுக்குப் பதிலாக மின்னணு உணரிகளைப் பயன்படுத்தும் எண்ணிம மேமோகிராம் அமெரிக்காவில் 2000 இல் அனுமதி பெற்றது. 49,528 பெண்கள் பங்கேற்ற டிமிஸ்ட் ஆய்வின் முடிவுகள் 2005 இல் வெளியாயின. ஒட்டுமொத்தத்தில் இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை. எனினும் 50 வயதுக்குக் குறைந்தோர், அடர்த்தி மிகுந்தோர், மாதவிடாய் நிற்காதோர் ஆகியோரிடம் எண்ணிம முறை மேலானதாக இருந்தது.

டோமோசிந்தசிஸ் எனப்படும் முப்பரிமாண மேமோகிராம் 2011 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. எக்ஸ் கதிர்க் குழல் ஒரு வில்போல் நகர்ந்து பல கோணங்களில் படமெடுக்க, கணினி அவற்றை மெல்லிய அடுக்குகளாக மாற்றித் தருகின்றது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் திசு நிழல்களால் ஏற்படும் குழப்பம் இதனால் குறைகின்றது. ஆயினும் இதுவும் எக்ஸ் கதிர்த் தடுப்பையே அளப்பதால், மிக அடர்ந்த திசுவில் மறைப்பு விளைவு முற்றிலும் நீங்குவதில்லை.

மீயொலிப் படம்

மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியலைகளை உடலுக்குள் செலுத்தி, திசு எல்லைகளில் எதிரொலித்துத் திரும்பும் அலைகளைக் கொண்டு படம் உருவாக்குவது மீயொலிப் படம் ஆகும். ஸ்கேன் எனப் பொதுமக்கள் கூறுவது பெரும்பாலும் இதனையே. இதில் கதிர்வீச்சு இல்லை. நீர் நிறைந்த தீங்கற்ற பைக்கட்டியைத் திண்மக் கட்டியிலிருந்து பிரித்தறிவதில் இது சிறந்தது. சுரப்பித் திசு வெளிறியும் புற்று பெரும்பாலும் இருண்டும் தெரிவதால், அடர்ந்த மார்பகத்திலும் இது பயன்படுகின்றது.

இதன் வரம்புகள்:

* பால்நாளங்களுக்குள் அடங்கிய புற்றின் முதல் அடையாளமாக அமையும் நுண் சுண்ணாம்புப் படிவுகள் இதில் பெரும்பாலும் தெரிவதில்லை.
* முடிவு, கருவியை இயக்குபவரின் திறனைப் பெரிதும் சார்ந்துள்ளது. கை நகராத இடம் படத்தில் இடம் பெறுவதில்லை.
* தீங்கற்ற கட்டிகள் பல ஐயத்துக்குரியவையாகத் தோன்றுகின்றன.

இடர் மிகுந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மேமோகிராம் மட்டும் 1000 பேரில் 7.6 புற்றுகளையும், மீயொலியுடன் சேர்ந்து 11.8 புற்றுகளையும் கண்டறிந்தது. ஆனால் மீயொலியில் மட்டும் ஐயம் எழுந்து செய்யப்பட்ட திசுப் பரிசோதனைகளில் 8.9% மட்டுமே புற்றாக இருந்தன. ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையிலான 72,998 பெண்களிடம் நடத்தப்பட்ட ஜே-ஸ்டார்ட் ஆய்வு (2016) இதே இருமுனைத் தன்மையைக் காட்டியது. மீயொலியைச் சேர்த்ததால் உணர்திறன் 77.0% இலிருந்து 91.1% ஆக உயர்ந்தது, குறித்திறன் 91.4% இலிருந்து 87.7% ஆகத் தாழ்ந்தது.

எம்.ஆர்.ஐ.

புற்று வளர்வதற்குப் புதிய குருதிக் குழாய்களை உருவாக்கிக்கொள்கின்றது. இக்குழாய்கள் கசியும் இயல்புடையவை. குருதியில் செலுத்தப்படும் கடோலினியச் சேர்மம் அவ்விடத்தில் விரைந்து சேர்வதை எம்.ஆர்.ஐ. படம்பிடிக்கின்றது. இங்கு அளக்கப்படுவது குருதியோட்டம் என்பதால் திசுவின் அடர்த்தி பெரிய தடையாவதில்லை. ஆகவே தற்போதுள்ள முறைகளுள் உணர்திறன் மிக்கது இதுவே. வாழ்நாள் இடர் 20% அல்லது அதற்கு மேல் உள்ள பெண்களுக்கு மேமோகிராமுடன் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. செய்யலாம் என அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2007 இல் பரிந்துரைத்தது. மார்பகப் புற்றுநோய் இடரைக் கூட்டும் மரபணு மாற்றம் உடையோர் இவர்களுள் அடங்குவர்.

நெதர்லாந்தில் நடைபெற்ற டென்ஸ் ஆய்வு, மேமோகிராம் இயல்பாக இருந்த, மிக அடர்ந்த மார்பகம் கொண்ட 40,373 பெண்களை உட்படுத்தியது. 2019 இல் வெளியான முடிவுகளின்படி, எம்.ஆர்.ஐ. செய்துகொண்டவர்களுள் 1000 பேருக்கு 16.5 புற்றுகள் கூடுதலாகக் கண்டறியப்பட்டன. அவை அனைத்தும் மேமோகிராமில் தெரியாதவை. இரு சோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வெளிப்பட்ட புற்றுகள், எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்ட குழுவில் 1000 பேருக்கு 2.5 ஆகவும், மற்றக் குழுவில் 5.0 ஆகவும் இருந்தன. அதே வேளையில், எம்.ஆர்.ஐ. செய்துகொண்ட 1000 பேரில் ஏறத்தாழ 80 பேருக்கு முதற்சுற்றில் தவறான நேர்மறை முடிவு கிடைத்தது.

எம்.ஆர்.ஐ.யின் வரம்புகள் பின்வருவன.

* தீங்கற்ற கட்டிகளும், ஹார்மோன் மாற்றத்துக்கு உள்ளாகும் இயல்பான திசுவும் கடோலினியத்தை ஏற்று ஒளிரக்கூடும்.
* பால்நாளத்துள் அடங்கிய, மெல்ல வளரும் சில புற்றுகள் ஒளிராமல் தப்பக்கூடும்.
* செலவும் நேரமும் அதிகம். இதயமுடுக்கி போன்ற சில கருவிகள் பொருத்தப்பட்டோருக்கும் மூடிய இடத்தில் அச்சம் கொள்வோருக்கும் இடையூறு உண்டு.
* சிறுநீரகம் பழுதுற்றோரிடம் சில கடோலினியச் சேர்மங்கள் கடும் பக்கவிளைவை ஏற்படுத்துகின்றன. கடோலினியம் சிறிதளவு உடலில் தங்குவது குறித்து 2017 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரிக்கை வெளியிட்டது.

பிற முறைகள்

மாறுபாட்டு மேமோகிராம்: அயோடின் சேர்மத்தைக் குருதியில் செலுத்தி எடுக்கப்படும் மேமோகிராம். எம்.ஆர்.ஐ.யைப் போலவே குருதியோட்டத்தைக் காட்டுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் நடந்து 2025 இல் வெளியான பிரெய்ட் ஆய்வு, மேமோகிராம் இயல்பாக இருந்த அடர்த்தி மிகுந்த பெண்களிடம் கூடுதல் முறைகளை ஒப்பிட்டது. 1000 சோதனைகளுக்கு மாறுபாட்டு மேமோகிராம் 19.2 புற்றுகளையும், சுருக்கிய எம்.ஆர்.ஐ. 17.4 புற்றுகளையும், தானியங்கி மீயொலி 4.2 புற்றுகளையும் கண்டறிந்தன. அயோடின் சேர்மத்தால் சிலருக்கு ஒவ்வாமை ஏற்படுவது இம்முறையின் குறையாகும்.

பெட் ஸ்கேன்: கதிரியக்கம் ஏற்றப்பட்ட குளுக்கோசைப் புற்று உயிரணுக்கள் உறிஞ்சுவதைக் காட்டுகின்றது. நோய் உடலில் பரவியுள்ளதா என அறிய உதவுகின்றது. 1 சென்டிமீட்டருக்கும் குறைந்த கட்டிகளும் மெல்ல வளரும் கட்டிகளும் இதில் தப்பக்கூடும் என்பதால் முன்கண்டறிதலுக்கு உகந்ததன்று.

வெப்பப் படம்: தோலின் வெப்பநிலையைப் பதிவு செய்வது. வலியும் கதிர்வீச்சும் அற்றது என விளம்பரப்படுத்தப்பட்டாலும், மேமோகிராமுக்கு இது மாற்றாகாது என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் பலமுறை எச்சரித்துள்ளது.

எண்களின் பொருள்

புற்று உள்ளவர்களுள் எத்தனை பேரைச் சோதனை சரியாகக் கண்டறிகின்றது என்பது உணர்திறன். புற்று இல்லாதவர்களுள் எத்தனை பேரை இல்லை எனச் சரியாகக் கூறுகின்றது என்பது குறித்திறன். இவ்விரு அளவுகளும் கருவியைப் பற்றியவை. முடிவைக் கையில் வைத்திருக்கும் பெண்ணுக்குத் தேவையானதோ, தமக்கு நோய் உள்ளதா என்பதாகும். அதற்கான விடை, சோதனைக்கு முன்னரே அவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சார்ந்துள்ளது. விளக்கத்துக்காக, உணர்திறன் 85%, குறித்திறன் 90% உள்ள ஒரு சோதனையைக் கொள்வோம்.

முதல் நிலை - அறிகுறி இல்லாத 1000 பெண்கள். அவர்களுள் 6 பேருக்குப் புற்று உள்ளது.

* புற்று உள்ள 6 பேரில் 5 பேர் கண்டறியப்படுவர். 1 நபர் தப்புவார்.
* புற்று இல்லாத 994 பேரில் ஏறத்தாழ 99 பேருக்குத் தவறான நேர்மறை கிடைக்கும்.
* மறு சோதனைக்கு அழைக்கப்படும் 104 பேரில் புற்று உள்ளவர் 5 பேர் மட்டுமே.
* இயல்பு எனக் கூறப்படும் 896 பேரில் புற்று உள்ளவர் 1 நபர்.

இரண்டாம் நிலை - கட்டி தென்பட்ட 100 பெண்கள். அவர்களுள் 20 பேருக்குப் புற்று உள்ளது.

* புற்று உள்ள 20 பேரில் 17 பேர் கண்டறியப்படுவர். 3 பேர் தப்புவர்.
* புற்று இல்லாத 80 பேரில் 8 பேருக்குத் தவறான நேர்மறை கிடைக்கும்.
* இயல்பு எனக் கூறப்படும் 75 பேரில் புற்று உள்ளவர் 3 பேர். அதாவது 25 பேருக்கு ஒருவர்.

கருவி மாறவில்லை; முடிவுத்தாளில் உள்ள சொல்லும் மாறவில்லை. முதல் நிலையில் 896 இல் ஒன்றாக இருந்த ஐயம் இரண்டாம் நிலையில் 25 இல் ஒன்றாகிவிட்டது. கையில் தென்படும் கட்டி உள்ள பெண்ணிடம், மேமோகிராம் இயல்பாக உள்ளது என்பதை மட்டும் கொண்டு ஆராய்ச்சியை நிறுத்தக்கூடாது என மருத்துவ நெறிமுறைகள் வலியுறுத்துவதற்கு இதுவே காரணமாகும்.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். முன்கண்டறிதல் சோதனையில் மறுபடியும் அழைக்கப்படுவோருள் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்று இருப்பதில்லை. 1998 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, 10 முறை மேமோகிராம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு ஒரு முறையேனும் தவறான நேர்மறை கிடைக்கும் வாய்ப்பு 49.1% என மதிப்பிட்டது. இதனால் ஏற்படும் மன உளைச்சலும் தேவையற்ற திசுப் பரிசோதனைகளும் சோதனையின் விலையில் அடங்கும்.

இடைக்காலப் புற்று

ஒரு சோதனையில் இயல்பு எனக் கூறப்பட்டு, அடுத்த சோதனைக்கு முன்னரே அறிகுறிகளுடன் வெளிப்படும் புற்று இடைக்காலப் புற்று எனப்படும். இவற்றுள் சில முந்தைய படத்திலேயே இருந்து கவனிக்கப்படாதவை. சில அடர்ந்த திசுவில் மறைந்திருந்தவை. மற்றவை இடையில் தோன்றி விரைந்து வளர்ந்தவை. விரைந்து வளர்வன பெரும்பாலும் கடுமையானவையும் கூட. குறித்த கால இடைவெளியில் செய்யப்படும் சோதனை மெல்ல வளரும் புற்றுகளையே அதிகம் கண்டறிகின்றது. விரைந்து வளர்வன இடைவெளியில் நழுவிவிடுகின்றன.

மிகைக் கண்டறிதல்

சோதனையில் கண்டறியப்பட்டவர்கள் நீண்ட காலம் வாழ்வதாகக் காட்டும் புள்ளிவிவரங்களைக் கவனத்துடன் அணுக வேண்டும். ஒரு பெண்ணுக்கு 62 ஆம் வயதில் கட்டி தென்பட்டு 65 ஆம் வயதில் அவர் இறப்பதாகக் கொள்வோம். நோயறிந்தபின் அவர் வாழ்ந்தது 3 ஆண்டுகள். அதே நோய் 58 ஆம் வயதில் படத்தில் கண்டறியப்பட்டு, சிகிச்சை பயனளிக்காமல் அவர் 65 ஆம் வயதிலேயே இறந்தால், நோயறிந்தபின் வாழ்ந்தது 7 ஆண்டுகள் ஆகும். வாழ்நாள் ஒரு நாளும் கூடவில்லை. நோயை அறிந்திருந்த காலமே கூடியுள்ளது. இது முந்துகாலப் பிழை எனப்படும். இதனால்தான் சோதனையின் உண்மையான பயன், இரு குழுக்களின் இறப்பு எண்ணிக்கையை ஒப்பிட்டு அளக்கப்படுகின்றது.

சில புற்றுகள் மிக மெதுவாக வளர்வதால், அவை வெளிப்படும் முன்னரே அப்பெண் வேறு காரணத்தால் இறந்திருக்கக்கூடும். அத்தகைய புற்றைக் கண்டறிவதால் அவருக்கு நன்மை இல்லை. அறுவை, கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றின் தீங்கு மட்டுமே எஞ்சும். ஐக்கிய இராச்சியத்தில் மைக்கேல் மார்மட் தலைமையிலான சுயாதீனக் குழு 2012 இல் இதனை மதிப்பிட்டது. 50 வயது தொடங்கி 20 ஆண்டுகள் சோதனைக்கு அழைக்கப்படும் 10,000 பெண்களுள் 681 பேருக்குப் புற்று கண்டறியப்படும் எனவும், அவற்றுள் 129 மிகைக் கண்டறிதல் எனவும், 43 இறப்புகள் தவிர்க்கப்படும் எனவும் அக்குழு கூறியது. அதாவது தவிர்க்கப்படும் ஓர் இறப்புக்கு மூன்று மிகைக் கண்டறிதல்கள். அந்த 129 பேர் யார் என்பதை எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. படத்தில் தெரியும் நிழல் அதன் எதிர்காலத்தைக் கூறுவதில்லை.

பால்நாளத்துள் அடங்கிய புற்று இவ்விவாதத்தின் மையத்தில் உள்ளது. இது பெரும்பாலும் மேமோகிராமில் நுண் சுண்ணாம்புப் படிவாகவே கண்டறியப்படுகின்றது. இவ்வகையில் இடர் குறைந்தோரை உடனே அறுவை செய்யாமல் கண்காணிக்கலாமா என்பதைக் கோமெட் ஆய்வு ஆராய்ந்தது. 2024 டிசம்பரில் வெளியான அதன் முடிவில், இரண்டு ஆண்டுகளுக்குள் ஊடுருவும் புற்று தோன்றியோர் வழமையான சிகிச்சைக் குழுவில் 5.9% ஆகவும், கண்காணிப்புக் குழுவில் 4.2% ஆகவும் இருந்தனர். கண்காணிப்பு தாழ்ந்ததன்று என இது காட்டினாலும், இரண்டு ஆண்டுகள் என்பது குறுகிய காலமே ஆகும்.

கணினியின் துணை

படத்தில் ஐயத்துக்குரிய இடங்களைக் கணினி சுட்டிக்காட்டும் மென்பொருள் 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பரவலாயிற்று. ஆனால் 43 மையங்களின் தரவுகளைக் கொண்டு 2007 இல் வெளியான ஆய்வு, அம்மென்பொருளைப் பயன்படுத்தியபின் குறித்திறன் 90.2% இலிருந்து 87.2% ஆகக் குறைந்ததையும், திசுப் பரிசோதனைகள் கூடியதையும் காட்டியது.

செயற்கை நுண்ணறிவை அடிப்படையாகக் கொண்ட இன்றைய மென்பொருட்கள் வேறுபட்டவை. சுவீடனின் மசாய் ஆய்வில் 80,033 பெண்களின் முதற்கட்ட முடிவுகள் 2023 இல் வெளியாயின. செயற்கை நுண்ணறிவின் துணையுடன் 1000 பேருக்கு 6.1 புற்றுகளும், இரு கதிரியலாளர் வாசிக்கும் வழமையான முறையில் 5.1 புற்றுகளும் கண்டறியப்பட்டன. வாசிப்புப் பணியும் 44.3% குறைந்தது. எனினும் எந்த மென்பொருளும் படத்தில் பதிவாகாத ஒன்றை மீட்டெடுக்க இயலாது. மேலும், கூடுதலாகக் கண்டறியப்படுவனவற்றுள் எத்தனை மிகைக் கண்டறிதல் என்னும் கேள்வி இங்கும் எழுகின்றது.

இந்தியாவில்

மார்பகப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயாகும். 2022 ஆம் ஆண்டில் சுமார் 1,92,000 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளானதாக உலகளாவிய மதிப்பீடு ஒன்று கூறுகின்றது. மேலை நாடுகளைவிட இங்கு இளம் வயதிலேயே நோய் கண்டறியப்படுவோர் விகிதம் அதிகம். இளம் வயதில் அடர்த்தியும் அதிகமாதலால் மேமோகிராமின் வரம்புகள் இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. கருவிகளும் பயிற்சி பெற்ற கதிரியலாளரும் நகரங்களிலேயே மிகுந்துள்ளமை மற்றொரு தடையாகும்.

இப்பின்னணியில் மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் மார்பகத்தைச் சோதிக்கும் முறையை 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களிடம் ஆராய்ந்தது. 2021 இல் வெளியான முடிவுகளின்படி, சோதனைக் குழுவில் நோய் முந்தைய நிலையிலேயே கண்டறியப்பட்டது. மார்பகப் புற்றுநோய் இறப்பு ஒட்டுமொத்தமாக 15% குறைந்தது. ஆயினும் இது புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடம் இறப்பு ஏறத்தாழ 30% குறைந்தது.

முடிவுத்தாளைப் படித்தல்

மேமோகிராம் முடிவுகள் பொதுவாகப் பை-ராட்ஸ் எண்களில் தரப்படுகின்றன.

* 0 - தகவல் போதாது. கூடுதல் படம் தேவை
* 1 - ஐயத்துக்குரியது எதுவும் காணப்படவில்லை
* 2 - தீங்கற்ற மாற்றம்
* 3 - பெரும்பாலும் தீங்கற்றது. புற்றாக இருக்கும் வாய்ப்பு 2% க்கு மேல் இல்லை. குறுகிய காலத்தில் மறு சோதனை
* 4 - ஐயத்துக்குரியது. திசுப் பரிசோதனை தேவை
* 5 - புற்றாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம்
* 6 - திசுப் பரிசோதனையால் முன்னரே உறுதியான புற்று

இவற்றுடன் கருத்தில் கொள்ள வேண்டியவை:

* 0, 3, 4 ஆகிய எண்கள் புற்றுநோய் உறுதியானதைக் குறிப்பன அல்ல.
* 1 என்னும் எண், அப்படத்தில் எதுவும் தெரியவில்லை என்பதையே குறிக்கின்றது. அதற்குப் பின்னர் கட்டியோ வேறு மாற்றமோ தென்பட்டால், அடுத்த சோதனை நாள்வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.
* அடர்த்தி நிலை முடிவுத்தாளில் குறிக்கப்பட்டுள்ளதா எனக் கேட்டறியலாம். அடர்த்தி மிகுந்தோர் அனைவருக்கும் கூடுதல் படம் தேவையா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேமோகிராம் செய்யலாம் என 2024 இல் பரிந்துரைத்த அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு, கூடுதல் படங்கள் குறித்துச் சான்று போதவில்லை எனக் கூறியது.
* முந்தைய படங்களைப் பாதுகாத்து வைத்தல் நன்று. புதிய நிழலை அடையாளம் காண்பதற்குப் பழைய படத்துடன் ஒப்பிடுதலே சிறந்த வழியாகும்.
* புற்றுநோய் என்பதை உறுதி செய்வது, ஊசி மூலம் எடுக்கப்படும் திசுவை நுண்ணோக்கியில் காணும் நோயியலாளரின் முடிவே ஆகும். படம் எவ்விடத்தில் ஊசியைச் செலுத்துவது என்பதைக் காட்டுகின்றது.

இவற்றையும் பார்க்க

* மார்பகப் புற்றுநோய்
* எக்ஸ் கதிர்
* மீயொலி
* காந்த ஒத்ததிர்வுப் படிமம்
* திசுப் பரிசோதனை
* பேயெசுத் தேற்றம்